உன் நம்பரில் திறக்கிற ஊர்

அன்பு மதினிக்கு,

நேற்றுச் சாயங்காலம் உன் வீட்டு முன்னறையில் இருந்தவர்கள் யார் யார் என்று முதலில் எழுதிவிடுகிறேன். பின்னால் யாரும், "நான் அங்கே இல்லவே இல்லை" என்று சொல்லிவிடக் கூடாது. நகராட்சி இன்ஜினியர், நாற்காலியில். புதுக் கம்பெனியிலிருந்து லேப்டாப்போடு வந்திருந்தவர், ஸ்டூலில். உன் புருஷன், அதாவது என் அண்ணன், கதவுநிலையில் சாய்ந்தபடி. தெருமுனை வீட்டு ஜைனம்பு அக்கா, கூப்பிடாமலே வந்து தரையில் சம்மணம் போட்டு. நான், அடுப்பங்கரை வாசலில். என் வீட்டுக்காரர் இல்லை; திராட்சைக்கு மருந்தடிக்கப் போயிருந்தார். சுவரில் நீ, மாலையோடு.

என் மடியில் உன் போன். அவர்கள் வந்தது அதற்காகத்தான்.

இதை உன்னிடம் மட்டும் சொல்லியிருக்கலாம். தினமும் விளக்கேற்றும்போது எத்தனையோ சொல்கிறேன். ஆனால் இந்த விஷயம் நாலு பேர் காதிலும் விழ வேண்டும் என்று தோன்றியதால், அவர்கள் படிக்கிற இடத்தில் எழுதுகிறேன். கோபித்துக்கொள்ளாதே.

வயதில் நீ எனக்கு இளையவள். ஆனாலும் அண்ணன் பெண்டாட்டி மதினிதான். நீயும் என்னை மதினி என்றுதான் கூப்பிட்டாய். இரண்டு வீட்டுக்கும் ஒரே சுவர். "மதினி" என்று ஒரு குரல் கேட்டால், கூப்பிட்டது யார், போக வேண்டியது யார் என்று அண்ணன் குழம்பிப்போவார். இப்போது அந்தக் குழப்பம் இல்லை.

உன் நம்பருக்குள் ஊர் போன கதை உனக்கு ஞாபகம் இருக்கிறதா? அன்றைக்கு நீ அரிசி களைந்துகொண்டே நடித்துக் காட்டினாய். அதுவரைக்கும் நம் ஊரில் குடிதண்ணீர்க் குழாய் எங்கே ஓடுகிறது என்பது தண்ணீர்க்காரர்களுக்கு மட்டும் தெரியும். சாக்கடை, சாக்கடைக்காரர்களுக்கு. மண்ணுக்குள் போகிற கரண்டு வயர், மின்சார ஆபீசுக்கு. ஒருவர் தோண்டினால் இன்னொருவருடையது உடையும். இனிமேல் எல்லாவற்றையும் ஒரே வரைபடத்தில் கம்ப்யூட்டரில் ஏற்றி, எல்லா ஆபீசும் அதைப் பார்த்துவிட்டுத்தான் கடப்பாரையை எடுக்க வேண்டும் என்று திட்டம் வந்தது. தெருத்தெருவாகப் போய் அளந்து ஏற்ற மகளிர் குழுவிலிருந்து ஆள் கேட்டார்கள். நீ போனாய்.

முதல் நாள் கூட்டத்தில், வரைபடத்தைத் திறக்க யாராவது ஒருத்தர் போன் நம்பர் வேண்டும் என்று அப்போதிருந்த கம்பெனிக்காரர் கேட்டாராம். திறக்கிற ஒவ்வொரு தடவையும் அந்த நம்பருக்கு ஓடிபி வரும்.

நேற்று வந்த இதே இன்ஜினியர், "எனக்கு மாறுதல் வர்ற நேரம். என்னோடது வேண்டாம்" என்றாராம்.

தண்ணீர்க்காரர், "என் நம்பரக் குடுத்தா தண்ணி வரலன்னு ஊரே எனக்கு அடிக்கும்யா. நான் சோறு திங்க வேண்டாமா?" என்றாராம்.

மின்சார ஆபீசிலிருந்து வந்தவர் தன் போனை எடுத்துப் பைக்குள் போட்டுக்கொண்டாராம். "நாங்க வேற டிபார்ட்மென்ட்."

கடைசியில் நீ எழுந்து, "என் நம்பரப் போட்டுக்கங்க சார். எனக்கு யாரு கூப்பிடப் போறாக? எங்க மதினிதான் கூப்பிடும், உல வச்சிட்டியான்னு" என்றாயாம். எல்லாரும் சிரித்தார்களாம். அந்தச் சிரிப்போடு சிரிப்பாக ஒரு ஊர் முழுக்க உன் நம்பருக்குள் போய்விட்டது. இது எவ்வளவு பெரிய தப்பு என்று அன்றைக்கு யாருக்காவது தோன்றியதா? நீ நடித்துக் காட்டியபோது நானும் சிரித்துக்கொண்டுதானே இருந்தேன்.

கழுத்தில் அட்டை, தலையில் தொப்பி, சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு நீ தெருவில் இறங்கினாய். சாக்கடை மூடியைத் தூக்கச் சொல்லி, குனிந்து பார்த்து, போட்டோ பிடித்து, அந்த இடத்திலேயே வரைபடத்தில் புள்ளி வைப்பாய். வாசலில் நிற்கிற பெண்கள் விடுவார்களா?

"என்னத்தா, சாக்கடையப் போயி போட்டோ புடிக்கிற? கல்யாண ஆல்பமா?"

"ஆமாக்கா, உங்க வீட்டுச் சாக்கடதான் ரொம்ப லச்சணமா விழுந்திருக்கு. பெருசு பண்ணித் தரவா?"

அப்படிச் சிரித்துக்கொண்டு திரிந்தவள், ஒருநாள் மத்தியானம் வந்து சாப்பிடாமல் உட்கார்ந்திருந்தாய். ஜைனம்பு அக்கா வீட்டுத் தெருமுனையில் சாக்கடைப் பலகையைத் தூக்கியபோது, அதற்குள்ளேயே நம் குடிதண்ணீர்க் குழாய் போவதைப் பார்த்திருக்கிறாய். இணைப்பு துருவேறி, அதைச் சைக்கிள் டியூபால் சுற்றிக் கட்டியிருந்ததாம்.

"மூடியிருக்கற குழாய்தான, மதினி? உள்ள இருக்கற தண்ணிக்கு என்ன?" என்று நான் கேட்டேன்.

நீ ஒரு டம்ளரைச் சாய்த்துக் காட்டிச் சொன்னாய்: "தண்ணி விடாத நேரத்துல குழா காலியாக் கெடக்கும் மதினி. அப்ப சாக்கடைய உள்ள இழுத்துக்கிரும். மறுநாளு அதத்தான் நாம கொடத்துல புடிக்கிறோம். நான் கூடலூர்க்காரி. லோயர் கேம்ப்புல மலையிலருந்து நாம குடிக்கிற இந்தத் தண்ணி எறங்குறதப் பாத்து வளந்தவ. அங்கன அது எப்படி இருக்கும் தெரியுமா? இங்கன வந்து இந்தக் கதியாகுது."

அந்த இடத்தில் சிவப்புப் புள்ளி வைத்தாய். பக்கத்தில் எழுதினாய்: 'குடிதண்ணீர்க் குழாய் சாக்கடைக்குள் போகிறது. இணைப்பில் கசிவு. அவசரம்.'

பிறகு உனக்குக் காய்ச்சல் வந்தது. டெங்கு என்றார்கள். தேனிக்குக் கொண்டுபோனோம். நீ பிழைத்து வந்தால் வீரபாண்டி ஆத்தாவுக்குத் தீச்சட்டி எடுப்பதாக நேர்ந்துகொண்டேன். நீ வரவில்லை. சித்திரையில் போய்ச் சட்டி எடுத்துவிட்டுத்தான் வந்தேன். வீட்டுக் கணக்கில் எதையும் விடாமல் எழுதுகிறவள்தான் நான். ஆனால் ஆத்தாவிடம் கொடுக்கல் வாங்கல் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை.

உன் கருமாதி அன்று, ஐயர் மந்திரம் சொல்லிக்கொண்டிருக்கும்போது உன் போன் அடித்தது. அண்ணன்தான் எடுத்தார். நகராட்சியிலிருந்து யாரோ. "செத்தவளுக்குக் கருமாதி நடக்குதுய்யா. இப்பவும் அவளத்தான் கேப்பீகளா?" என்று கத்தினார். நான் போனை வாங்கிக்கொண்டு வெளியே வந்தேன். அந்தப் பக்கத்தில் இருந்தவர் மன்னிப்புக் கேட்டார். பிறகு தயங்கித் தயங்கி, "அக்கா, ஒரு ஆறு நம்பர் வந்திருக்கும். பஸ் ஸ்டாண்டுப் பக்கம் ஒரு வரிசை விளக்கே எரியல, எந்தப் பெட்டின்னு பாக்கணும்" என்றார். ஈரக் கையோடு நான் ஆறு எண்களையும் வாசித்துச் சொன்னேன்.

அன்றைக்கு ஆரம்பித்தது. ஆபீஸ் திறக்கிற நேரமும் என் பூசை நேரமும் ஒன்று. சூடம் காட்டிக்கொண்டே எண் சொல்லியிருக்கிறேன். ஊர் வேலைதானே, சாமி ஒன்றும் நினைக்காது. என் மாதக் கணக்கில் பால், கேஸ், அதற்குக் கீழே உன் நம்பர். ரீசார்ஜை ஒரு தடவையும் தவற விட்டதில்லை. உண்மையைச் சொன்னால், அந்தச் சத்தம் வரும்போதெல்லாம் எனக்கு நிம்மதியாக இருந்தது. நீ இன்னும் வேலைக்குப் போய்க்கொண்டிருக்கிறாய் என்பதுபோல. அவர்களும் நம்பரை மாற்றச் சொல்லிக் கேட்கவில்லை. மாற்ற வேண்டுமென்றால் வேறொருவர் தன் நம்பரைக் கொடுக்க வேண்டுமே.

ஒருநாள் நானே அந்த வரைபடத்தைத் திறந்து பார்த்தேன். யாரும் சொல்லித் தரவில்லை; அழுத்தி அழுத்தித்தான் கற்றுக்கொண்டேன். தண்ணீர் நீலக் கோடு, சாக்கடை காப்பிநிறக் கோடு, விளக்கு மஞ்சள் பொட்டு. எந்தப் புள்ளியைத் தொட்டாலும் 'பதிவு செய்தவர்: ஈஸ்வரி' என்று வருகிறது. நம் ஊரில் இவ்வளவு இடத்தில் பெயர் எழுதி வைத்திருப்பவள் நீ ஒருத்திதான் மதினி. தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டே போனேன். அப்படித்தான் சிவப்புப் புள்ளிக்கு வந்தேன்.

நீ எழுதியதற்குக் கீழே பதில்கள் இருந்தன. நீ பார்த்தாயா, இல்லையா என்று எனக்குத் தெரியாது. தண்ணீர்ப் பிரிவு: 'பார்க்கப்பட்டது. சாக்கடையை மாற்றி அமைத்தால் குழாயைச் சரிசெய்யலாம்.' சாக்கடைப் பிரிவு: 'பார்க்கப்பட்டது. குழாயை மாற்றி அமைத்தால் சாக்கடையைச் சரிசெய்யலாம்.' மின்சார ஆபீஸ்: 'பார்க்கப்பட்டது. எங்கள் கம்பத்துக்குப் பாதிப்பு இல்லை.'

எல்லாரும் ஒரே படத்தைப் பார்த்தால் ஊர் சரியாகிவிடும் என்று நீ நம்பினாய். எல்லாரும் பார்த்துவிட்டார்கள். முன்பெல்லாம் கேட்டால், எங்களுக்குத் தெரியாது என்பார்கள். இப்போது எல்லாருக்கும் தெரியும். இந்த ஒரு வித்தியாசத்துக்காகவா நீ அந்த வெயிலில் நடந்தாய்?

நான் மனுக் கொடுக்காமல் இல்லை. பதில் வந்தது. இந்தக் குறை ஏற்கெனவே வரைபடத்தில் பதிவாகியுள்ளது என்று. கவுன்சிலரிடம் போய்ப் போனைக் காட்டினேன். "படம் நல்லாத்தான்த்தா இருக்கு. படத்த வச்சுக்கிட்டு நான் எவனப் புடிச்சு உலுக்க?" என்றார். அவரையும் குற்றம் சொல்ல முடியவில்லை.

இதற்கிடையில் ஜைனம்பு அக்கா மகனுக்கு மஞ்சள்காமாலை வந்து தேறினான். இப்போது மருமகளுக்கு. அவள் மாசமாக இருக்கிறாள். அக்கா தண்ணீரைக் காய்ச்சிக் காய்ச்சிக் கேஸ் தீர்க்கிறாள். காய்ச்சினாலும் அந்த வாடை போவதில்லை என்கிறாள். எங்கள் வீட்டிலும் அதே வாடைதான். நம் தெருவுக்குச் சிமென்ட் ரோடு போட உத்தரவு வந்திருக்கிறது. ஜல்லி கொட்டிவிட்டார்கள். ரோடு விழுந்துவிட்டால் அந்த முனையை இனி யாரும் தோண்டப் போவதில்லை.

இப்போது நேற்று நடந்ததற்கு வருகிறேன்.

"பழைய மேப்ப மூடுறோம்மா. புதுக் கம்பெனி வந்திருக்கு. உங்க மதினி ஏத்துனது எல்லாம் அப்படியே புதுசுக்குப் போயிரும். ஒரே ஒரு ஓடிபி மட்டும் சொல்லுங்க" என்றார் இன்ஜினியர்.

தினமும் சொல்கிறவள்தானே நான். ஆனால் நேற்று ஆள் வந்து நாற்காலியில் உட்கார்ந்து கேட்டதால், "உள்ள போயி என்ன பண்ணுவீக சார்?" என்று கேட்டுவிட்டேன்.

லேப்டாப்காரர் பதில் சொன்னார். "பெண்டிங்ல சிவப்பா இருக்கறதெல்லாம் முடிஞ்சதுன்னு பச்சையா மாத்தணும் மேடம். ஒண்ணு பெண்டிங் இருந்தாலும் இந்த மேப் மூடாது. மூடுனாத்தான் புதுசுக்கு மாறும்."

"தெருமுனையில இருக்கறதுமா?"

அவர் திரையைப் பார்த்தார். "எல்லாம் சேத்துத்தான் மேடம்."

"முடிச்சது யாருன்னு விழும்?"

"ஈஸ்வரி மேடம்னுதான் விழும். அவங்க லாகின்தானே."

ஜைனம்பு அக்கா தரையில் இருந்தபடியே நிமிர்ந்து பார்த்தாள். "அப்பச் சரி. மவுத்தானவ எந்திரிச்சு வந்து குழாய அடைச்சிட்டுப் போயிட்டா. உசுரோட இருந்தப்பத்தான் அவளுக்கு ஓய்வு குடுக்கல. இப்பயாவது விடுங்கய்யா" என்றாள்.

"அக்கா, நீங்க செத்த சும்மா இருங்க" என்றார் அண்ணன். பிறகு என்னிடம் திரும்பி, குரலை இறக்கி, "சொல்லிருத்தா. சொல்லலன்னா அவ நடந்த நடையெல்லாம் மண்ணாப் போயிரும். புது மேப்புலயாச்சும் அவ பேரு கெடக்கட்டுமே" என்றார். அவர் கேட்டது அவ்வளவுதான் மதினி. உன் பெயர் எங்கேயாவது கிடக்க வேண்டும் அவருக்கு.

இன்ஜினியர் கெட்டவர் இல்லை. அவர் தலையைக் குனிந்துகொண்டே பேசினார். "மேலருந்து தெனமும் கேக்குறாங்கம்மா. அந்த முனைய நானே புது மேப்புல மறுபடி சேத்துர்றேன்."

"எப்ப சார்?"

"ரோடு முடிஞ்சதும்."

ரோடு முடிந்த பிறகு எப்படித் தோண்டுவார்கள் என்று யாரும் கேட்கவில்லை. அவருக்கே கேட்டிருக்கும் போல. நெற்றியைத் துடைத்துக்கொண்டு, "நீங்க சொல்லலன்னா மட்டும் ரோடு நிக்காது. மாசக் கடைசியில இத நிறுத்திருவாங்க. புதுசு வெறும் படமாத் தொடங்கும். மொத்தமும் போயிரும்மா" என்றார்.

அதற்குள் லேப்டாப்காரர் பட்டனைத் தட்டிவிட்டார். என் மடியில் போன் அதிர்ந்தது. ஆறு எண்கள். அண்ணன் என்னைப் பார்த்தார். ஜைனம்பு அக்கா என்னைப் பார்க்காமல் தரையைப் பார்த்தாள். நான் எண்களைப் பார்த்தேன். வாய் வரைக்கும் வந்தது. சொன்னால், நீ நடந்த தெருவெல்லாம் உன் பெயரோடு புது வரைபடத்தில் இருக்கும். ஆனால் அந்த முனையைத் தொடுகிறவர்களுக்கு, குழாய் சரியாகிவிட்டது என்று நீயே சொல்வாய். சொல்லாவிட்டால், நீ பொய் சொல்ல மாட்டாய். நீ இருந்த தடமும் இருக்காது. குழாய் எப்படியும் அங்கேயேதான் கிடக்கப் போகிறது.

"டைம் அவுட் ஆயிருச்சு சார்" என்றார் லேப்டாப்காரர்.

போட்டுவைத்த டீயை யாரும் குடிக்கவில்லை. வெள்ளிக்கிழமை மறுபடியும் வருவதாகச் சொல்லி எழுந்தார்கள். வாசலில் செருப்பை மாட்டும்போது இன்ஜினியர் உன் படத்தைத் திரும்பிப் பார்த்து, "அன்னைக்கு நானே என் நம்பரக் குடுத்திருக்கலாம்" என்றார். ஜைனம்பு அக்கா விடவில்லை. "இன்னைக்கும் குடுக்கலாம்ல சார்?" என்றாள். அவர் வண்டியில் ஏறிவிட்டார்.

இன்று காலையில் கோயிலுக்குப் போய்ப் பூக்கட்டிக் கேட்கலாம் என்று கிளம்பினேன். வெள்ளைப் பூ வந்தால் சொல்லிவிடுவது, சிவப்பு வந்தால் சொல்லாமல் இருப்பது. இரண்டையும் இலையில் மடித்துக் கட்டி ஆத்தா முன்னால் போட்டும்விட்டேன். எடுக்கக் கை நீளவில்லை. உன் பெயரில் அவர்கள் முடிக்கப் பார்க்கிறார்கள். ஆத்தா பெயரில் நான் முடிக்கப் பார்க்கிறேனே, இதுவும் அதுவும் ஒன்றுதானே என்று இருந்தது. இரண்டு பொட்டலத்தையும் பிரிக்காமல் அங்கேயே வைத்துவிட்டு வந்துவிட்டேன். உன் பெயரில் விழப்போவதற்கு நீதான் பதில் சொல்ல வேண்டும்.

ஒன்று மட்டும் வாக்குக் கொடுக்கிறேன். எது நடந்தாலும், ரோடு போட்டுச் சிமென்ட் காய்ந்த மறுநாளிலிருந்து அந்த முனையில், குழாய்க்கு நேர் மேலே, கோலத்துக்குப் போடுகிற காவியைக் குழைத்துத் தினமும் ஒரு பொட்டு வைப்பேன். ஜைனம்பு அக்காவிடம் கேட்டுவிட்டேன். "வச்சுக்க புள்ள. என் வாசல்ல காவியப் பாத்துட்டு எங்க ஆளுக என்னைய என்ன சொல்லப் போறாகளோ" என்றவள், நான் திரும்பும்போது கூப்பிட்டு, "தண்ணி நான் தெளிச்சு வைக்கிறேன்" என்றாள். வண்டி ஏறி அழியும். மறுநாளும் வைப்பேன். இதனால் ஒரு சொட்டுச் சாக்கடையும் குறையாது என்று எனக்குத் தெரியும். அக்கா மருமகளுக்குக் காமாலையும் இறங்காது. ஆனாலும் வைப்பேன்.

உன் போன் சார்ஜில்தான் இருக்கிறது. இந்த மாதத்துக்கும் போட்டுவிட்டேன். வெள்ளிக்கிழமை காலையில் வந்துவிடுவார்கள். எண்ணைச் சொல்லவா, வேண்டாமா? அதற்கு முன்னால், சீக்கிரமாக ஒரு பதில் சொல்லு.

ஒரே சுவருக்கு இந்தப் பக்கத்திலிருந்து,
உன் மதினி